மலமும் மானமும்



இன்று மலத்தைப்பற்றிப் பேசப்போகிறேன். சிலர் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். அப்படிப் பொத்திக்கொள்ளுவதாலேயே அநேகர் சாகிறார்கள் என்பதுதான் என் பேச்சு.

பெருங்குடலில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு சிறு சதைக் கட்டியாய் ஆரம்பித்து, பல வருஷகாலம் நோவில்லாமல் வளருகிறது. அதில் கசியும் இரத்தம் மலத்தோடு கலந்து போவது கண்ணுக்குத் தெரியாது. அப்போதே கண்டுபிடித்தால் வெட்டியெடுத்துப் பிழைக்கவைக்கலாம்.

ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியாவில் அரசாங்கத்தார் 50 முதல் 69 வயது வரையுள்ள ஆண் பெண்களுக்கு இரண்டு வருஷத்துக்கொருமுறை கடிதம் எழுதுகிறார்கள். கடிதம் பெற்றவர் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு சிறு குழாயை இலவசமாய் வாங்கிவந்து, மூடியிலுள்ள குச்சியால் மலத்தில் கொஞ்சம் எடுத்து அதிலிட்டு, மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கொடுப்பவருக்கும் வெட்கமில்லை, வாங்குபவருக்கும் தீட்டில்லை. சோதனைச்சாலையில் மனித இரத்தத்தை மாத்திரம் தேடுகிறார்கள். ஆகையால் முந்தியநாள் மாமிசம் தின்றிருந்தாலும் பாதகமில்லை.

இரத்தம் இருப்பதாலேயே புற்றுநோய் என்று அர்த்தமல்ல, மூலமாகவும் இருக்கலாம். குடலுக்குள் கருவியை விட்டுப் பார்த்தே முடிவு சொல்லுவார்கள். இல்லையென்று வந்தாலும் அடுத்த தவணையில் மறுபடியும் சோதிக்கவேண்டும். கண்ணுக்கே இரத்தம் தெரிந்தாலோ, இதற்குக் காத்திராமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

இதனால் பலனுண்டா என்பீர்கள். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 46,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 1993-ல் கணக்கு வெளியிட்டார்கள். அதில் பழைய விதச் சோதனையையே வருஷந்தோறும் செய்துகொண்ட கூட்டத்தில், செய்துகொள்ளாத கூட்டத்தைவிட இந்நோயால் செத்தவர்கள் மூன்றிலொரு பங்கு குறைவு. எந்தச் சாமிக்கு மொட்டையடித்து இப்படிக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்?

நாமோ மலத்தைத் தீட்டென்று சொல்லி, அதை அள்ள ஒரு ஜாதியையே ஒதுக்கிவைத்தோம். பசுவின் சாணியையும் மூத்திரத்தையும் பஞ்சகவ்வியமென்று விழுங்குகிறவர், தன் மலத்தைச் சோதனைக்குக் கொடுக்க வெட்கப்படுகிறார். ரத்தம் போனால் தலைவிதி என்கிறார், தாயத்துக் கட்டுகிறார். விதி குழாய்க்குள் அகப்படுமா? இரத்தம் அகப்படுகிறது!

ஆகவே தோழர்களே, ஐம்பது வயதானவர்கள் இச்சோதனையைப்பற்றி வைத்தியரைக் கேளுங்கள். நம் ஊர் மருந்துக் கடைகளிலும் இவ்வித இலவச ஏற்பாடு வேண்டுமென்று அரசாங்கத்தைக் கேளுங்கள். மானம் மலத்தை மறைப்பதில் இல்லை. அறிந்து தடுக்கக்கூடிய சாவை விதியென்று ஒப்புக்கொள்ளுவதுதான் மானக்கேடு.