கீறுவது துணியல்ல, அதில் சிக்கிய மணல்!



ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளான் வீடமைப்புப் பகுதிகளிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் கீழும் காணும் காட்சி இது. குடும்பத் தலைவர் கார் கழுவிக்கொண்டிருக்கிறார். கையில் பழைய பனியன் அல்லது சிவப்பு எழுத்துப் போட்ட 'குட் மார்னிங்' துண்டு. கழுவ நேரமில்லாத நாளில் கோழி இறகுத் தூசிதட்டி. அக்கறை இல்லாதவர் இதையெல்லாம் செய்வாரா? ஆனால், பல கார்களின் பளபளப்பைக் கெடுப்பதே இந்த அக்கறைதான்!

இரவில் பெட்ரோல் நிலைய விளக்கின் கீழ் ஒரு கறுப்பு மைவியைப் பாருங்கள். சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். காரின் நிறத்திற்கு மேல் 'கிளியர் கோட்' எனும் நிறமற்ற பூச்சு உண்டு. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன். தலைமுடியின் தடிப்புகூட இல்லை. கடையில் 'பாலிஷ்' செய்து கீறலைப் போக்கும்போது, அந்தப் பூச்சில் ஒரு பகுதி தேய்ந்து போகிறது. தேய்ந்தது மீண்டும் வளராது. ஒன்பது ஆண்டு வரை தவணை கட்டும் காருக்கு இது சிறிய இழப்பா?

கீறலுக்குக் காரணம் மணலும் தூசியும். துறைமுகத்திற்குப் போகும் கொள்கலன் லோரிகள் கிள்ளானில் நாளும் தூசி கிளப்புகின்றன. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்தது. 2015, 2019ஆம் ஆண்டுகளிலும் அது திரும்பி வந்தது. அத்தகைய நாள்களில் காரின்மேல் படியும் துகளை உலர்ந்த துணியால் துடைத்தால், உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

இங்கேதான் நுண்ணிழைத் துணி, அதாவது மைக்ரோபைபர், கைகொடுக்கிறது. அதன் இழை மிக மெல்லியது. 9,000 மீட்டர் நீள இழை ஒரு கிராம்கூட இருக்காது. பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்த அந்த இழைகள் பிளவுபட்டிருப்பதால், இடுக்குகளில் நீரையும் தூசியையும் இழுத்துக்கொள்கின்றன. பருத்தித் துணி தூசியைத் தள்ளிக்கொண்டே போகும். இது தூக்கி வைத்துக்கொள்ளும்.

விலை உயர்ந்த துணிதான் வேண்டுமா? வேண்டியதில்லை. பேரங்காடியிலும் இரவுச் சந்தையிலும் சில வெள்ளிக்குக் கிடைப்பதே பெரும்பாலும் போதும். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். மேசையில் சிந்திய நீரை உறிஞ்சுகிறதா, தள்ளுகிறதா? பழைய குறுந்தட்டின் பளபளப்பான பக்கத்தில் தேய்த்தால் கீறுகிறதா? தள்ளினாலும் கீறினாலும் அது சக்கரத்திற்கு. தேறிய துணியிலும் ஓரத்தில் தைத்த சீட்டை வெட்டிவிடுங்கள்.

இனி முறை. காரை நிழலில் நிறுத்தி, முதலில் நீர் ஊற்றி மணலை ஓட விடுங்கள். பிறகு கார் ஷாம்பு போட்டு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகைக் கரைத்துவிடும். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். மெழுகை மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்தபின் வேறொரு சுத்தமான துணியால் எடுங்கள். துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கம்.

ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தையும் காய்ந்தபின் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே வைத்து, ஊறியபின் எடுங்கள்.

நிறத்திற்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்வது நல்லது. நீலம் உடலுக்கு, பச்சை கண்ணாடிக்கு, மஞ்சள் சக்கரத்திற்கு. சக்கரத்தில் பிரேக் உதிர்க்கும் இரும்புத்தூள் இருக்கும். அதைத் துடைத்த துணி காரின் கதவைத் தொடவே கூடாது. தரையில் விழுந்த துணியையும் துவைக்காமல் எடுக்காதீர்கள்.

துவைப்பதிலும் கவனம் தேவை. பருத்தித் துணிகளோடு சேர்த்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கி இழையின் இடுக்குகளை அடைத்துவிடும். குளோரின் வேண்டாம்; கடும் சூடும் வேண்டாம். மிதமான சலவைத்தூளில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும்.

நேயர்களே, கார் கழுவும் நிலையத்திற்குப் போகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். சக்கரத்தைத் துடைத்த துணியே கூரைக்கும் வருகிறதா? வந்தால், வீட்டிலிருந்து கொண்டுபோன துணியை நீட்டி, "அண்ணே, இதாலே துடைங்க" என்று பணிவாகக் கேளுங்கள். சில வெள்ளித் துணி பல நூறு வெள்ளி 'பாலிஷ்' செலவை மிச்சப்படுத்தும். துணியின் விலையைவிட, அதைத் தூய்மையாக வைத்திருக்கும் பழக்கமே காரைக் காக்கும்.