முகம் சிவந்து எரிந்தால்



ஒரு பெண்ணை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 40. பகலில் வயல் வேலை. மாலையில் விறகு அடுப்பு. சில மாதங்களாக அவர் கன்னமும் மூக்கும் சிவந்து எரிகின்றன. சிறு பருக்களும் வருகின்றன.

"இந்த வயதில் என்ன பரு?" என்று ஊரார் கேலி செய்கிறார்கள். இதுவே ஆணாக இருந்தால், "குடிக்கிறான்" என்பார்கள்.

அவர் மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஒரு டியூப் களிம்பு கொடுக்கிறார். நான்கே நாளில் சிவப்பு மறைகிறது. முகமும் கொஞ்சம் வெளுக்கிறது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

களிம்பை நிறுத்தினார். முன்பைவிட அதிகமாகச் சிவந்தது. மீண்டும் பூசினார். அடங்கியது. இப்படியே ஆறு மாதம் போனது. தோல் மெலிந்தது. இரத்தக் குழாய்கள் நூல் போல வெளியே தெரிந்தன. வெயிலில் நிற்க முடியவில்லை.

அந்தக் களிம்பில் என்ன இருந்தது? ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். சில தோல் நோய்களுக்கு மருத்துவர் அதைச் சில நாட்களுக்குக் கொடுப்பார். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் சிவப்பு மறையும். நிறுத்தினால் குழாய்கள் மறுபடியும் விரியும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் புதிய நோயையே உண்டாக்கும்.

2018ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு விதி செய்தது. 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. ஆனாலும் சில கடைகளில் சீட்டுக் கேட்காமலே கொடுக்கிறார்கள். சிவப்பழகு தரும் என்று சொல்லியும் விற்கிறார்கள்.

சரி, அவருக்கு முதலில் வந்த நோய் என்ன? அதன் பெயர் ரோசேசியா. இது பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் வரும். இது தொற்று நோய் அல்ல. அழுக்கினால் வருவதும் அல்ல. மாநிறமும் கறுப்பும் உள்ள முகத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சலும் சூடும் பருவும்தான் தெரியும். சிலருக்குக் கண்ணும் உறுத்தும்.

ராஜஸ்தானின் வெயிலும் இதைக் கிளப்பும். காஷ்மீரின் குளிர்காற்றும் கிளப்பும். அடுப்புச் சூடு, கொதிக்கும் தேநீர், காரம், மது, மனக்கவலை ஆகியவையும் கிளப்பலாம். ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் ஆகாது. எதைச் செய்த பிறகு முகம் எரிகிறது என்று கவனியுங்கள். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

வெயிலில் போகும்போது முக்காடு போடுங்கள். அல்லது குடை பிடியுங்கள். தேநீரை ஆற்றிக் குடியுங்கள். முகத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பூசாதீர்கள்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. மெட்ரோநிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய மேற்பூச்சுகள் உள்ளன. சிலருக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையும் தருவார்கள். கர்ப்பமாக இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நோய் அடியோடு போகாது. ஆனால் அடக்கி வைக்கலாம்.

முகம் சிவந்தால் எல்லாம் ரோசேசியா அல்ல. சிவப்போடு காய்ச்சலும் மூட்டு வலியும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். சிவந்த இடம் மரத்துப் போனால் தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். ஆகவே மருத்துவரிடம் காட்டுவதுதான் நல்லது.

அந்தப் பெண் கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனார். "இதுவரை என்ன பூசினீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். காலி டியூப் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. டியூபின் மேல் இருந்த பெயரைக் கடைக்காரரைப் படிக்கச் சொல்லி, எழுத்துக் கூட்டி அவரே எழுதி வைத்திருந்தார். "பெட்டாமெதாசோன்" என்று அதில் இருந்தது.

மருத்துவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. களிம்பை எப்படி நிறுத்துவது என்று சொன்னார். முதலில் எரிச்சல் கூடும், பயந்து மறுபடியும் பூச வேண்டாம் என்றார். வேறு மருந்து எழுதினார். முகம் தெளியப் பல மாதம் ஆயிற்று. ஆனால் தெளிந்தது.

மருந்து வாங்கினால் அதன் பெயரைக் கேளுங்கள். எழுதி வையுங்கள். நீங்கள் கற்ற எழுத்து உங்கள் முகத்தையும் காக்கும்.