தரையில் வாழும் தட்டைச் சிலந்தி



சிலந்தி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது வலை. வலை விரித்து இரைக்காகக் காத்திருப்பதே அதன் தொழில் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இன்று நான் கூறவிருக்கும் சிலந்தியோ வலை பின்னுவதில்லை. தரையே அதன் வீடு; இரவே அதற்கு வேட்டைப் பொழுது.

தென்னாப்பிரிக்காவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சவன்னா வெளியாகும். உயர்ந்த புல்லும், அங்கங்கே குடை விரித்தாற்போன்ற மரங்களும் நிறைந்த அவ்வெளிக்குச் செல்வோர் சிங்கத்தையும் யானையையும் தேடுகின்றனர். காலடியில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. புரட்டினால், சிறிய பட்டுப் பைக்குள் மண்ணிறத்தில் ஒரு சிலந்தி ஒடுங்கிக் கிடப்பதைக் காணலாம். விஞ்ஞானிகள் இதனை நாஃபோசிடே என்னும் குடும்பத்தில் சேர்க்கின்றனர். உலகெங்கும் இக்குடும்பத்தில் 2,000க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. தட்டையான உடல் இருப்பதால், கல்லுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கே இதற்குப் போதிய இல்லமாகிறது.

பகலெல்லாம் பதுங்கியிருந்து, இருட்டியதும் இது வெளியே புறப்படுகிறது. வலையில்லாத இவ்வேடன், தன்னிலும் பெரிய இரையை எவ்வாறு அடக்குகிறது? உடலின் பின்முனையிலிருந்து பசையுள்ள இழைகளை இழுத்து, இரையின் கால்களிலும் வாயிலும் ஒட்டிக் கட்டிவிடுகிறது. வேறு சிலந்திகள் தம் நூலைச் சுவரில் ஒட்டுவதற்குப் பயன்படுத்தும் பசையே இங்கு ஆயுதமாக மாறியிருக்கிறது.

வேட்டை முடிந்தபின் வீடு திரும்ப வேண்டுமே! ஐரோப்பாவில் வாழும் இதன் உறவினமொன்றை ஆராய்ந்தவர்கள் 1999ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். அதன் எட்டுக் கண்களில் இரண்டு, உருவங்களைக் காண்பதற்கு உதவுவதில்லை. அந்தி வானத்தின் ஒளி எத்திசையில் அதிர்கிறது என்பதை மட்டும் அவை உணர்கின்றன. அவ்வுணர்வையே திசைகாட்டியாகக் கொண்டு அச்சிலந்தி தன் பட்டுப் பைக்குத் திரும்புகிறது.

இத்தகைய பிராணிகளை எண்ணிக் கணக்கெடுப்பது எளிதன்று. கிண்ணங்களைத் தரைமட்டமாகப் புதைத்து வைத்து, இரவில் வந்து விழுபவற்றை மறுநாள் எடுத்துப் பார்க்கின்றனர். தென்னாப்பிரிக்காவில் 1997ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் கணக்கெடுப்பு இவ்வாறு பல இனங்களைப் பதிவு செய்துள்ளது. ஆயினும் ஆண் மட்டுமோ பெண் மட்டுமோ கிடைத்த இனங்கள் இன்றும் பல.

நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன். மரமடர்ந்திராத, உழப்படாத புல்வெளிகள் நம் நாட்டு ஆவணங்களில் பல இடங்களில் பயனற்ற நிலம் என்ற தலைப்பின்கீழ் இடம்பெறுகின்றன. நானும் அச்சொல்லைத் தயக்கமின்றித் 'தரிசு' என்று பலமுறை தமிழாக்கியிருக்கிறேன். இச்சிலந்தியைப் பற்றிப் படித்தபின் என் பேனா சற்றே தயங்குகிறது. ஆவணத்தில் உள்ள சொல்லை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அச்சொல்லை நம்பி நிலத்தை உழுது புரட்டும்போது, கல்லின் அடியிலுள்ள இல்லமும் உடன் அழிகிறது என்பதை மறக்க இயலவில்லை.

யாருமில்லை என்று நாம் சொல்லும் இடத்தில், இரவில் ஒருமுறை விளக்கேந்திக் குனிந்து பார்த்தபின் சொல்வோம்.