நகரம் எவர்க்குப் புதிதாயிற்று?



நம் சோழவரம் ஏரிநீர் புழல் வழியாகச் சென்னை மாந்தரின் விடாய் தணிக்கின்றது. அந்நகரைப் புதுக்கும் பணி வென்றதா என வினவ நமக்கும் உரிமையுண்டு.

1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசையிருந்த இடத்திலேயே அடுக்குவீடுகள் எழுந்தன. கட்டடத்தில் குறையிருந்திருக்கலாம், ஆயினும் நொச்சிக்குப்பத்து மீனவர் கடலை விட்டு அகலவில்லை. 2000 முதல் ஏழையரைத் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தனர். (கண்ணகியும் ஊர்பெயர்ந்து துயருற்றவளே, பெயர் பொருந்தத்தான் செய்கின்றது!) கற்சுவர் கிடைத்தது, கூலி தந்த தெரு தொலைவாயிற்று. 2021இல் வாரியத்தின் பெயரில் 'வாழ்விடம்' என்னும் நற்சொல்லும் ஏறிற்று.

கூவக்கரையின் அழகை அளப்போரே, பெயர்க்கப்பட்ட குடும்பங்களுள் எத்தனை அங்கேயே நிலைத்தன, எத்தனை பிள்ளைகள் பள்ளியை இடையில் விட்டனர் என்பதையும் எண்ணி ஊரறிய வெளியிடுங்கள்!