எறிதட்டுக் களமும் நடைபாதையும்

கலிபோர்னியாவிலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரையடுத்த ஓக் குரோவ் பூங்காவில், 1975ஆம் ஆண்டு எட் ஹெட்ரிக் என்பார் டிஸ்க் கொல்ஃப் என்னும் ஆட்டத்திற்கு நிலையான களமொன்றை வகுத்தார். பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டு; குழிக்குப் பதிலாக, இன்று, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. இவ்வாட்டம் பெரும்பாலும் பொதுப் பூங்காக்களிலேயே நடைபெறுகின்றது. இடரும் அங்கேதான் பிறக்கின்றது.

மாலையில் உலாவ வரும் முதியவருக்கு ஆட்டம் நடப்பதே தெரியாது. தட்டோ ஓசையின்றி வருவது. ஏறத்தாழ 175 கிராம் எடையுள்ளது. நெற்றியிற் பட்டால் அது விளையாட்டன்று.

ஆதலால் களம் வகுப்போர் முதலில் நோக்கவேண்டியது கூடையையன்று, நடைபாதையை. பாதை குறுக்கிட்டே தீருமாயின், எறிமேடைக்குப் பின்னே, எறிபவரின் முதுகுப்புறமாகச் செல்லுதல் நன்று. தட்டுகள் விழும் வெளியின் ஊடே செல்லுதல் மிகத் தீது. கூடையின் பின்புறமும் காப்பான இடமன்று. குறி தவறிய தட்டு அங்கேதான் பாயும். வலக்கையர் புறங்கை வீச்சாக எறியும் தட்டு, வேகம் தணிந்ததும் இடப்புறம் சரியும். எனவே பாதைக்கு வலப்புறமே மேல் என்பர். இடக்கையர் ஒருவர் வந்தால் அக்கணக்குப் பொய்த்துவிடும்! தாராளமான இடைவெளிக்கு ஈடு வேறில்லை.

மேடு மறைக்கும் இடங்களிலே, சில களங்களில் மணியொன்று கட்டியிருப்பர். முன்சென்றோர் ஆடி முடித்து அதனை அடித்த பின்னரே அடுத்தவர் எறிவர். உலாவ வந்தவர் அம்மணியை அறிவாரா? அத்தகைய இடத்திற் புதரை வெட்டிப் பாதை தெரியச் செய்தல் வேண்டும். அதுவும் இயலாதாயின் எறிமேடையையே பெயர்த்து அப்பால் வைக்கவேண்டும். நடைபாதை அங்கே முன்னரே இருந்ததன்றோ?