கருமை நோயன்று



என் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணப் பேச்சு நடந்த காலம். பரு ஆறிய கறைகளை நீக்கவெண்ணி, விபரச்சீட்டில்லாத 'வெள்ளையாக்கும்' கிறீம் ஒன்றைப் பூசினாள். கறை மங்கிற்று, பூசுவதை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்து, முன்னிலும் கறுத்தது.

மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் உயிரணுக்களின் தொகை, கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. எமது தோலில் அவை மிகுதியாகத் தொழில் புரிகின்றன. ஆதலால் பருவோ காயமோ ஆறியபின் கறை எளிதில் விழும்; நீங்க மாதங்கள் செல்லும். வெயில் அதனை நீடிக்கச் செய்யும். எனவே பருவைக் கிள்ளாதீர்கள். குடையையும் வெயில் தடுக்கும் கிறீமையும் மறவாதீர்கள்.

வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013 இல் எழுந்த மினமாட்டா உடன்படிக்கை அத்தகையவற்றை விலக்கிற்று. வைத்தியர் சொல்லாமற் பூசும் ஸ்டீரொயிட் கிறீம் தோலை மெலிவிக்கும். கறை மாறாவிடின் தோல் வைத்தியரை நாடுங்கள். அரசினர் வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை.

பெரியோர்களே, ஒரு விண்ணப்பம். பெண் பேசும்போது "பிள்ளை என்ன நிறம்?" என்று கேளாதிருங்கள். அக்கேள்வியே என் தங்கையைக் கடைக்கு அனுப்பியது. இளைஞராகிய நாங்களும் அதனைக் கேட்கமாட்டோம்.