தேய்மானமும் திருத்தமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் பயிற்றுவிப்பவர் மிதிவண்டிப் பழுதைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கலாம். அச்சாணியின் அருமையை நமக்கு உணர்த்தியவர் வள்ளுவர். ஆரும் குறடும் சங்கப் புலவர்க்குப் பழகிய தேர்ச்சொற்கள். சக்கரத்தின் உறுப்புகளை அறிவது புலமைக்குப் புறம்பானதன்று.

இம்மண்ணுக்கும் மிதிவண்டிக்கும் உறவுண்டு. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஆலை அமைந்த அம்பத்தூர், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆயினும் நம் கடற்கரை வண்டிகளுக்குக் கொடியது. மாமல்லபுரத்துக் கடற்கோயிலின் கல்லையே உப்புக்காற்று அரிக்கிறது. அலைக்கு எதிரே பாறைகளை அடுக்கியும், காற்றைத் தடுக்க மரங்களை வளர்த்தும் அதனைக் காத்து வருகிறார்கள். கல்லுக்கே இந்நிலை எனில், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை ஓடும் வண்டிகளின் இரும்புச் செயின் என்னாகும்?

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்களும் அவை சுழலும் துளைகளும் மணலாலும் துருவாலும் தேய்கின்றன. புதுச் செயினில் 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்கும். அந்நீளம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு மிகும்வரை வாளாவிருந்தால், பல்சக்கரமும் பிரீவீலும் உடன் தேய்ந்திருக்கும். பின்னர்ப் புதுச் செயினை மட்டும் பூட்டினால் அது பற்களில் நழுவும். ஒன்றை மாற்றத் தயங்கியவர் மூன்றை மாற்ற நேரும். பிரேக் கட்டையும் அவ்வாறே. ரப்பர் தீர்ந்தபின் அதன் இரும்புக் கூடு ரிம்மைச் சுரண்டும்.

இவ்வறிவு பெண்களுக்கும் உரியது. 1991இல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின்வழி ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கு அரசு மிதிவண்டி வழங்கத் தொடங்கிற்று. பின்னர் அத்திட்டம் பிறர்க்கும் விரிந்தது. வண்டி பெண்ணின் கைக்கு வந்தது. ஸ்பேனரோ இன்னும் அண்ணன் கையிலோ கடைக்காரர் கையிலோதான் இருக்கிறது. அவர் வரும்வரை வண்டி திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. அதனுடன் படிப்பும் நிற்கிறது. இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதறியாமல், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குவோர் பலர். இதனைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதாதா?

ஆகவே நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற்பணியாக, மாணவியர்க்கென ஒரு சிறு பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழில் வெளியிடுவோம். அதனைக் கடைத்தெருச் சொற்களிலேயே எழுதுவோம். வளைந்த சக்கரத்தை நேராக்குவதைத் தொழிலாளர்கள் ‘கோட்டம் எடுத்தல்’ என்கிறார்கள். கோட்டம் என்பது வளைவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதனை இன்றும் நாவில் வைத்துக் காப்பவர்கள் அவர்கள். அவர்களை அருகிருத்தி அந்நூலை எழுதினால், தமிழும் வாழும். நம் பெண்மக்களின் வண்டியும் ஓடும்.